முறுக்கிய வயரும் கறுப்பு டேப்பும்

மன்னார்த் தீவில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அனைவரும் அறிந்த கதை இது. முன்விளக்கு மங்குகிறது, அல்லது செல்ஃப் ஸ்டார்ட் ஒருமுறை முனகிவிட்டு அடங்குகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால், வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை வெட்டி எறிந்து, இரு முனைகளையும் விரலால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றித் தந்துவிடுகிறார்கள். சோளகக் காற்று ஓய்வதற்குள் அதே இடத்தில் அதே கோளாறு. இம்முறை கிடைப்பது ஆலோசனை: "முழு வயரிங்கையும் மாத்துங்கோ."

ஓர் ஆணி துருப்பிடித்ததற்காகக் கூரையையே மாற்றச் சொல்லும் இந்த ஆலோசனையை ஏன் எவரும் எதிர்த்துக் கேட்பதில்லை?

தலைமன்னார் முதல் தாம்போதி வரை இத்தீவில் கடற்காற்று படாத இடமில்லை. அக்காற்றிலுள்ள உப்பு, ஈரத்தோடு கனெக்டருக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்குகிறது. பச்சை படிந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. 12 வோல்ற்றில் எரியும் 35 வாற் முன்விளக்கு ஏறத்தாழ 3 அம்பியர் இழுக்கும். அதன் வழியிலுள்ள ஓர் இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால் ஒன்றரை வோல்ற் அங்கேயே தொலையும். இழை விளக்காயின் வெளிச்சத்தில் சுமார் மூன்றிலொரு பங்கு போய்விடும். தெருவில் கழுதைகள் கூட்டமாக நிற்கும் மன்னாரில், இரவில் அந்த மூன்றிலொரு பங்கு எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகைக்காரர்களாகிய நாங்களோ "வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்ற ஒரே வாக்கியத்தை அச்சடித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். விளக்கு எரிந்ததா என்று எந்த நிருபர் கேட்டார்?

இதைச் சொன்னால் உடனே 1990களின் பொருளாதாரத் தடையை நினைவூட்டுவார்கள். மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், முறுக்கிய வயர் எங்களுக்கு ஒரு பொருட்டா என்பார்கள். அந்தத் திறமைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் பற்றரிகூடத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் வேறு வழியின்றிச் செய்ததை, கடையில் சாமான் கிடைக்கும் காலத்திலும் ஒரு பண்பாடாகப் போற்றுவது என்ன நியாயம்? இல்லாமையால் வந்த பழக்கம் இருப்பு வந்த பின்னும் ஏன் தொடர வேண்டும்?

அதுவும் இந்த நாட்டில்! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபா சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. பேசாலையிலும் வங்காலையிலும் மீன்பெட்டி சுமக்கும் வண்டிகள் பல அந்த ஐந்து வருடங்களையும் உப்புக் காற்றில் கழித்தவை. வயரிங் முழுவதையும் மாற்று என்று அவர்களிடம் சொல்ல எப்படி வாய் வருகிறது?

உரிமையாளரே செய்யக்கூடிய வேலை இது. பற்றரியின் எதிர்முனையை முதலில் கழற்றிவிட வேண்டும். கனெக்டருக்குள் உலோக முனையைப் பிடித்திருக்கும் சிறு நாக்கை மெல்லிய ஊசியால் அழுத்தினால் முனை பின்புறமாக வந்துவிடும், வெட்டத் தேவையில்லை. கறுத்த செம்பைப் பளபளப்பு தெரியும் வரை வெட்டிக் குறைக்க வேண்டும், ஏனெனில் கருமை உறைக்குள்ளும் ஊர்ந்து போயிருக்கும். பிறகு வயரின் பருமனுக்கேற்ற புதிய முனையை அதற்குரிய கிரிம்பிங் குறட்டால் அழுத்த வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்குவது அழுத்தமாகாது. முனையின் ஒரு சோடிச் சிறகு செம்பையும், மற்றச் சோடி உறையையும் பற்ற வேண்டும். சரியாக அழுத்திய முனைக்குள் காற்று புக இடமிராது; இழுத்துப் பார்த்தால் கழன்று வராது.

ஈயம் வைத்தால் உறுதி என்பார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும். அது முடியும் இடத்தில், வண்டியின் அதிர்வில், வயர் முறியும். கடைசியாகக் கொஞ்சம் சிலிக்கன் கிறீஸ். காடி மணக்கும் சிலிக்கன் பசையை மட்டும் பூசிவிடாதீர்கள், அதன் அமிலம் செம்பைத் தின்னும்.

கூடவே ஒரு மல்ரிமீற்றர். விளக்கை எரியவிட்டு, கனெக்டரின் இரு பக்கமும் அதன் முனைகளை வைத்துப் பாருங்கள். நல்ல இணைப்பில் 0.1 வோல்ற்றுக்கு மேல் காட்டாது. மேலே காட்டினால் கோளாறு அங்கேதான். முழு வயரிங்கையும் மாற்றச் சொல்பவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த அளவைத்தான்; அளந்து பார்க்காமல் சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடுகிறேன் என்று சிலர் கோபிக்கக்கூடும். குறடும் மீற்றரும் வைத்து முறையாகச் செய்யும் மெக்கானிக்குக்கு இதனால் நட்டமில்லை. அவருக்கு அதற்கான கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும் என்பதும் என் கட்சியே. தனியாக வாங்க முடியாதவர்களுக்காகக் கரையோரக் கிராமங்களின் மீனவர் சங்கங்கள் ஆளுக்கொரு குறடு வாங்கி வைக்கலாம். படகு இயந்திரத்தின் வயர்களையும் அதே உப்புத்தான் தின்கிறது.