பதின்மூன்று வயதிலிருந்தே பிரஷர் பார்ப்போம்: பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் இளைஞருக்கும் ஒரு வேண்டுகோள்

மருத்துவர்களும் செவிலியர்களும் பள்ளி ஆசிரியர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்களுமாகச் சேர்ந்து இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். பதின்மூன்று வயது நிரம்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பார்த்த அளவை எழுதி வைக்க வேண்டும். கூடியிருந்தால் பதறவும் வேண்டாம், அலட்சியமாக விடவும் வேண்டாம். சில நாள் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பிரஷர் என்பது ஐம்பது வயதுக்கு மேல் வரும் வியாதி என்ற நினைப்பு நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த நினைப்பால்தான் இளவயதில் வரும் உயர் ரத்த அழுத்தம் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 21 பேருக்கும் ஆண்களில் 24 பேருக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது அல்லது அதற்காக மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களில் பலர் நடுவயதினரும் முதியவர்களும்தாம். ஆனால் ஐம்பதில் தெரியவந்த பிரஷர் ஐம்பதில்தான் தொடங்கியது என்று சொல்ல முடியாது. நம் பரிசோதனை ஏற்பாடுகளைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 30 வயதிலிருந்துதான் மக்களை வரிசையாகப் பரிசோதிக்கச் சொல்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பார்க்கின்றன. அவர்கள் தேடும் முப்பது குறைபாடுகளின் பட்டியலில் ரத்தசோகை உண்டு, பல் சொத்தை உண்டு, பார்வைக் கோளாறு உண்டு, உயர் ரத்த அழுத்தம் இல்லை. பெண்களுக்காவது கர்ப்பகாலத்தில் ஒவ்வொரு முறையும் பிரஷர் பார்த்துவிடுகிறார்கள். பதினெட்டிலிருந்து முப்பது வரையுள்ள ஓர் ஆணுக்கு, அவராக நோய் என்று போனாலன்றி, ராணுவத் தேர்வோ வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சான்றிதழோ குறுக்கிட்டால்தான் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டும் சந்தர்ப்பம் வாய்க்கிறது. தலைவலியோ மயக்கமோ வந்தால் தெரிந்துவிடும் என்று இருக்கவும் முடியாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அளந்தால் ஒழியத் தெரியாது.

இளவயதில் கொஞ்சம் கூடியிருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குக் காட்டச் சான்றுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பொகலூசா என்ற ஊரில் 1970-களின் தொடக்கத்திலிருந்து பிள்ளைகளின் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் பதிவு செய்துவந்தார்கள். அங்கே விபத்து முதலிய காரணங்களால் இறந்த, 2 முதல் 39 வயது வரையிலான 204 பேரின் உடற்கூறாய்வு முடிவுகள் 1998-இல் வெளியாயின. வாழ்ந்தபோது இந்த அளவுகள் எத்தனைக்கு எத்தனை கூடியிருந்தனவோ, அத்தனைக்கு அத்தனை அவர்களின் இதய ரத்தக்குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிவும் தடிப்பும் அதிகமாக இருந்தன. ஸ்வீடனில் ராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 12 லட்சம் இளைஞர்களின் பதினெட்டு வயது ரத்த அழுத்தத்தை வைத்து, பிறகு ஏறத்தாழ 24 ஆண்டுகள் அவர்கள் நிலையைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011-இல் வந்தது. ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் கீழ் அளவு 90-ஐத் தாண்டியிருந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் கூடியிருந்தது. 2018-இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, நாற்பது வயதுக்கு முன் எடுத்த அளவுகளை வைத்து 4,851 பேரைத் தொடர்ந்தது. இயல்பான அளவு உள்ளவர்களோடு ஒப்பிட்டால், 140/90-ஐத் தொட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். 130/80-க்கும் 140/90-க்கும் இடைப்பட்டவர்களுக்கே அது ஒன்றே முக்கால் மடங்கு. இவையெல்லாம் வேற்று நாட்டார் கணக்கு என்று ஒதுக்கலாமா? நமக்கு மாரடைப்பும் சர்க்கரை நோயும் மேலை நாட்டாரைவிட இளவயதிலேயே வருகின்றன. ஆகவே நமக்கு இன்னும் அதிகக் கவனம் வேண்டும் என்றே இந்தக் கணக்கைப் படிக்கிறோம்.

"என் பிள்ளை ஒல்லி, அவனுக்கு எப்படிப் பிரஷர் வரும்?" என்று கேட்பார்கள். உடல் பருமன் கூடக் கூட ரத்த அழுத்தமும் கூடுகிறது என்பது உண்மை. பதின்பருவத்தில் காணப்படும் உயர் அழுத்தத்தில் பெரும்பகுதி எடையோடும் உப்போடும் குடும்ப வழியோடும் தொடர்புடையது என்பதும் உண்மை. ஆனால் மீதிப் பகுதி வேறு நோயின் அடையாளம். சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிப்போதல், பிறவியிலேயே மகாதமனி ஓரிடத்தில் குறுகியிருத்தல், அட்ரீனல் சுரப்பிக் கோளாறு இவற்றில் ஏதேனும் ஒன்று பின்னால் இருக்கலாம். நம் நாட்டு இளம்பெண்களிடம் ரத்தக்குழாய் அழற்சி நோய் ஒன்றும் இப்படி வெளிப்படுவதுண்டு. வயது எவ்வளவு குறைவோ, அளவு எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்கு இத்தகைய காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இவற்றில் சிலவற்றை நேரத்தில் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சையாலோ மருந்தாலோ சரிசெய்யலாம். விட்டுவிட்டால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகலாம். ஆகவே ஒல்லியான பிள்ளைக்குப் பார்க்கத் தேவையில்லை என்பது முற்றிலும் தவறான எண்ணம்.

பதின்மூன்று வயதுக்கு மேல் 120/80-க்குக் கீழே இருப்பதே இயல்பு. 130/80-ஐத் தொட்டால் உயர் அழுத்தத்தின் முதல் நிலை, 140/90-ஐத் தொட்டால் இரண்டாம் நிலை என்று 2017-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வகுத்த வரையறையை இங்கும் மருத்துவர்கள் பலர் பின்பற்றுகிறார்கள். பெரியவர்களுக்கு 140/90 என்ற கோட்டையே பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. எந்தக் கோட்டை வைத்தாலும், ஒரே ஒரு முறை பார்த்ததை வைத்து யாருக்கும் பிரஷர் என்று முத்திரை குத்தக் கூடாது. வெவ்வேறு நாட்களில் மூன்று முறையாவது பார்த்து அளவு குறையாமல் இருந்தால்தான் அது நோய். பார்க்கும் முறையும் முக்கியம். பிள்ளை ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பட்டு, கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டோ, அரை மணிக்குள் காபி குடித்துவிட்டோ, மாடிப்படி ஏறி வந்தவுடனோ பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் அப்படியே. பள்ளிக்கு ஒரு கருவி வாங்கும்போது இரண்டு மூன்று அளவில் பட்டைகளும் சேர்த்து வாங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

எங்கள் கோரிக்கைக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு எல்லாம் பிரஷர் பார்ப்பதால் பிற்காலத்தில் நன்மை உண்டா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என அமெரிக்க அரசின் தடுப்பு மருத்துவ ஆலோசனைக் குழு 2020-இல் அறிவித்தது. ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்குப் பார்த்து, இன்னொரு தொகுதிக்குப் பார்க்காமல் விட்டு, முப்பது நாற்பது ஆண்டுகள் காத்திருந்து ஒப்பிட்ட ஆய்வு எதுவும் நடக்கவில்லை என்பதே அதன் பொருள். அத்தகைய ஆய்வு எளிதில் நடக்கப்போவதுமில்லை. பார்ப்பது வீண் என்று அந்தக் குழு சொல்லவில்லை. தேவையில்லாமல் பிள்ளைகளை நோயாளி ஆக்கிவிடுவோமோ என்ற அச்சம் நியாயமானது. மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதற்குத் தீர்வு திரும்பத் திரும்ப அளப்பதும், சந்தேகம் இருந்தால் வீட்டிலோ, 24 மணி நேரம் அளக்கும் கருவியாலோ உறுதி செய்வதும்தான். அளக்காமலே இருந்துவிடுவது தீர்வாகாது. செலவையும் கணக்கில் எடுங்கள். இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி 1896-இல் உருவாக்கிய அதே முறைதான், கையைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி அளக்கும் முறை. ஊசி குத்த வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம். ஒரு பள்ளியில் ஆண்டுக்குச் சில நாள் போதும்.

இன்னோர் அச்சம் மாத்திரையைப் பற்றியது. இந்த வயதில் தொடங்கினால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டுமே என்று பெற்றோர் கலங்குகிறார்கள். முதல் நிலையில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு உடனே மாத்திரை தருவதில்லை. உணவு, உடற்பயிற்சி, எடை, தூக்கம் இவற்றைச் சீராக்கிச் சில மாதம் பார்ப்பதே வழக்கம். எடை குறைந்து அழுத்தமும் இறங்கிய பின், மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. ஆனால் சிறுநீரக நோயோ சர்க்கரையோ இருந்தாலோ, அளவு 140/90-ஐத் தாண்டினாலோ, மருந்தைத் தள்ளிப்போடுவது ஆபத்து. தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து. கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்கள், தாங்கள் சாப்பிடும் மாத்திரை கர்ப்பத்துக்கு ஏற்றதா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அழுத்த மாத்திரைகளில் சில வகைகள் கருவைப் பாதிக்கும். "பெண்ணுக்குப் பிரஷர் என்று வெளியே தெரிந்தால் வரன் அமையாது" என்று சொல்லிப் பரிசோதனையையே தவிர்க்கும் குடும்பங்கள் உள்ளன. அந்தப் பெண் நாளை கர்ப்பமாகும்போது, முன்பே தெரியாத உயர் அழுத்தம் தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாக முடியலாம். வரனைவிட உயிர் பெரிது என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் நடந்த ஆய்வுகள் 8 முதல் 11 கிராம் வரை உண்கிறோம் என்று காட்டுகின்றன. சாம்பாரிலும் பொரியலிலும் போடும் உப்பு மட்டும் இதற்குக் காரணமில்லை. தயிர்ச் சோற்றுக்கு ஊறுகாய், அதன்மேல் மோர்மிளகாய், பக்கத்தில் அப்பளம், மாலையில் ஒரு பொட்டலம் மிக்சர், இரவில் பரோட்டாவும் சால்னாவும் என்று ஒவ்வொன்றாய்ச் சேர்கிறது. கருவாடு அடிக்கடி சமைக்கும் வீடுகளில் இன்னும் அதிகம். பிள்ளைகள் விரும்பும் சிப்ஸிலும் நூடுல்ஸிலும் உப்பு எவ்வளவு என்று பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள், ஆனால் சோடியம் என்ற பெயரில். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுங்கள். அவர்களே கூட்டிப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். இந்துப்புக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அயோடின் சேர்க்காத இந்துப்பாக இருந்தால் அந்த நன்மையும் போய்விடும். ஊறுகாயை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. தினமும் வேண்டாம், சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடி வேண்டாம், சமைக்கும்போது மாதாமாதம் சிறிது சிறிதாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

பள்ளிக்கூடங்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிடுங்கள். 17 வயது வரை தினமும் ஒரு மணி நேரமாவது உடல் உழைப்போ விளையாட்டோ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நீட் பயிற்சியும் டியூஷனும் முடித்து நள்ளிரவில் படுத்து அதிகாலையில் எழும் பிள்ளைக்கு எட்டு மணி நேரத் தூக்கம் எங்கிருந்து கிடைக்கும்? மதிப்பெண்ணுக்காகத் தூக்கத்தையும் விளையாட்டையும் பறித்துவிட்டு, இருபத்தைந்து வயதில் அவனுக்கு ஏன் பிரஷர் என்று கேட்பதில் நியாயமில்லை. இளைஞர்கள் கவனிக்க வேண்டியவையும் உண்டு. புகை, மது, எனர்ஜி டிரிங்க், உடற்பயிற்சிக் கூடங்களில் ரகசியமாகக் கைமாறும் ஸ்டீராய்டு ஊசி, மருந்துக்கடையில் தானே வாங்கி அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரை ஆகியவை அழுத்தத்தை ஏற்றும். இரவுப் பணியும் வெளிச் சாப்பாடுமாக இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் பாருங்கள்.

இந்த வேலைக்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவர முடியும் என்று காட்டியிருக்கிறது. அதே அக்கறை பள்ளி வாசலுக்கும் வர வேண்டும். சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தத்தையும் சேர்க்குமாறு அரசை வேண்டுகிறோம். கல்லூரி முதல்வர்கள் சேர்க்கையின்போதே இந்த அளவைப் பதியச் செய்யலாம். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் ஒரு கருவியும் சரியான பட்டைகளும் வாங்கித் தந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரிடம் ஆசிரியர்கள் அளக்கக் கற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். பார்த்த அளவைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் மட்டும் தனியாகச் சொல்லுங்கள். வகுப்பறையில் உரக்கப் படிக்காதீர்கள். 130/80-ஐத் தொட்டால் ஓரிரு வாரத்தில் திரும்பப் பாருங்கள். 140/90-ஐத் தொட்டால் அந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். 180/120-ஐத் தாண்டினாலோ, உயர்ந்த அளவோடு கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு இருந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரஷர் பார்க்கக் கட்டணம் இல்லை. இந்த மாதத்துக்குள் உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.