பேராசிரியர்களை முதலில் காட்டுங்கள்



பொறியியல் கல்லூரிகளின் அறிமுக நாளில் விடுதி விதிகளும் வேலைவாய்ப்புப் பேச்சும் நேரத்தை விழுங்கிவிடுகின்றன. மின் பொறியியலில் சேர்ந்த பிள்ளைக்குத் தன் பேராசிரியர் எதை ஆராய்கிறார் என்பது பல இடங்களில் கடைசி ஆண்டு வரை தெரிவதில்லை.

சென்னை ஐஐடியின் மின் பொறியியல் துறையைப் பாருங்கள். பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் ராமமூர்த்தி குழுவினர் 1990களில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பம், வீடுவரை கம்பி இழுக்காமலே கிராமங்களுக்குத் தொலைபேசி தந்தது. பின்னாளில் ஜுன்ஜுன்வாலா குழு, சூரியத் தகடு தரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி வீணாக்காமல், 48 வோல்ட்டிலேயே விளக்கையும் மின்விசிறியையும் இயக்கிக் காட்டியது. ராஜஸ்தான் கிராம வீடுகளில் அது பயன்பாட்டுக்கும் வந்தது. இதைக் கேட்ட மாணவருக்கு மின்சுற்றுப் பாடம் வெறும் மதிப்பெண்ணாகத் தெரியாது.

ஹைதராபாத்தில் நான் வசிக்கும் மெட்டுகுடா, ரயில்வே குடும்பங்களின் பகுதி. ரயில் சிக்னல் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இங்கு உண்டு. உஸ்மானியா பொறியியல் கல்லூரியும் அருகில்தான். எந்தக் கல்லூரியானாலும், முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைத் தம் ஆய்வகத்துக்கு அழைத்து, இன்னும் விடை கிடைக்காத தம் கேள்வியைத் தாய்மொழியும் கலந்து சொல்லட்டும். தங்கள் இதழும் மாதம் ஒரு பேராசிரியரின் ஆய்வை அறிமுகப்படுத்த வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
மெட்டுகுடா, ஹைதராபாத்