பாயில் யார் பெயர்?

கல்யாணத்துக்குப் பத்தமடைப் பாய் எடுத்தால் மணமக்கள் பெயரை அதிலேயே நெய்து தருவார்கள். கோரையை ஆற்று நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நூல் போலக் கீறி, பட்டு போல நெய்வது பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். நெய்த பெண்ணின் பெயர் மட்டும் அந்தப் பாயில் எங்கேயும் இருக்காது.

அந்தப் பாய் புவிசார் குறியீடு பெற்றுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஊருக்குப் பெருமை என்று கொண்டாடினோம். நெய்கிறவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டோமா?

தோழர்களே, மூன்று உரிமைகளைப் பிரித்துப் புரிந்துகொள்வோம். புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை, 20 ஆண்டுகளுக்கு. வழிவழியாக வந்த கைத்திறனுக்கு அது கிடைக்காது. கடைப் பெயருக்கும் அடையாளத்துக்கும் வணிகக் குறி, அதை விற்கலாம். ஊர்ப் பெயரோடு சேர்ந்த பொருளுக்குப் புவிசார் குறியீடு. அதை யாரும் விற்க முடியாது.

விற்க முடியாது என்பதால் அது உழைப்பவர் கையில் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. 2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா நிறுவனம் கோலாப்பூரி செருப்பைப் போன்ற ஒன்றை, ஊர்ப் பெயர் சொல்லாமல் காட்சிக்கு வைத்தது. வழக்கறிஞர்கள் பொதுநல வழக்குத் தொடுத்தார்கள். நீங்கள் குறியீட்டின் உரிமையாளர் அல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஜூலையில் தள்ளுபடி செய்தது. பதிவேட்டில் உரிமையாளராக இருப்பவை மகாராஷ்டிர, கர்நாடக அரசுகளின் இரண்டு தோல் தொழில் கழகங்கள். அந்தச் செருப்பைத் தலைமுறை தலைமுறையாகத் தைத்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். தோலைத் தொட்டதால் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். தோல் உலகச் சரக்கானபோதும் அவர்களுக்காகப் பேச வேறு யாரோ வேண்டியிருந்தது.

ஆனால் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட பயனாளர். அப்படிப் பதிவு செய்த உற்பத்தியாளர் குறியீட்டைப் பயன்படுத்தலாம். யாராவது போலி விற்றால் வழக்கும் போடலாம். கவனிக்க வேண்டியது இதுதான். கைவினைப் பொருளில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் வியாபாரியையும் சட்டம் சேர்த்திருக்கிறது. நெய்கிறவர் பதியாமல் விட்டால் வாங்கி விற்கிறவர் பதிந்துகொள்வார். பிறகு விலை பேசுவதும் அவர்தான்.

பயனாளர் பதிவுக் கட்டணம் 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைந்தது. ஆகவே தடை பணம் அல்ல. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில். பத்தமடையில் தறியில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு இரண்டும் தூரம்.

நமக்குத் தூரமில்லை. போராடிப் பெற்ற படிப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தமடைக்குப் போவோம். பயனாளர் பட்டியலில் எத்தனை பேர் நெய்கிறவர்கள் என்று பதிவகத்தின் இணையதளத்தில் பார்ப்போம். விருப்பமுள்ளவர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவோம். அதோடு கூலி ஏறிவிடாது என்பதும் தெரியும். சங்கமாகச் சேர்ந்து விலை பேசினால்தான் ஏறும். சங்கம் பேசும்போது கையில் ஒரு பதிவு இருக்கட்டும்.

தாமிரபரணி கடலைத் தொடும் பக்கம் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் குறியீடு கிடைத்தது. கொடிக்காலில் நாள் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறவருக்கு அந்தப் பதிவேட்டில் இடம் எங்கே? அடுத்த கேள்வி அதுதான்.

ஜெய் பீம்.