ஆர்ட்டிகிள் 21-ல நம்ம பாலாறும் இருக்கு

மூணாவது வருஷம் 'இந்திய அரசியலமைப்பு'ன்னு ஒரு பேப்பர் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? கிரெடிட் கிடையாது. பாதி கிளாஸ் தூக்கம், மீதி பாதி ஃபோன். நானும்தான். அமெரிக்க அரசியலமைப்போட நம்மளதை ஒப்பிட்டு ஒரு டேபிள் வந்தது. மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்துட்டேன். அதுல இருந்த ஒரு வரி எங்க ஆம்பூர் வரைக்கும் வந்திருக்குன்னு ரொம்ப லேட்டாதான் தெரிஞ்சுது.

அமெரிக்க அரசியலமைப்பு 1787-ல் ஃபிலடெல்ஃபியாவில் எழுதப்பட்டது. அரசின் அதிகாரத்தைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, மக்களின் உரிமையையும் எழுதி வைக்கணும்னு 1791-ல் பத்து திருத்தங்கள் சேர்த்தார்கள். முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிர், சுதந்திரம், சொத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதில் ஐந்தாவது. இத்தனைக்கும் அப்போ அங்கே அடிமைமுறை இருந்தது. நாடு முழுக்க அது ஒழிய 1865 ஆச்சு. எழுதி வைத்த உடனே எதுவும் நடந்துடாது.

நம்ம அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் 1947-ல் அமெரிக்கா போய், நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார். இந்த வாசகம் நீதிபதிகளுக்கு அதிக அதிகாரம் கொடுத்துடும் என்றார் அவர். அதனால் நம்ம 21-வது பிரிவு, சட்டம் வகுத்த நடைமுறை இருந்தால் போதும் என்கிற மாதிரி எழுதப்பட்டது. 1950-ல் ஏ.கே.கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படியே படித்தது. அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்கணும்னு சொல்ல 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு வர வேண்டியிருந்தது. மாசில்லாத தண்ணீரும் காற்றும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று 1991-ல் இன்னொரு வழக்கில் சொன்னார்கள்.

அதே 1991-ல்தான் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம், தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுக்குதுன்னு உச்ச நீதிமன்றம் போனது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழானதாக ஒரு ஆய்வு சொன்னதை அதில் பதிவு செய்திருக்கிறார்கள். கெடுத்தவனே செலவை ஏற்கணும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டம் என்று நீதிபதி குல்தீப் சிங் எழுதினார். அதுக்கு அடிப்படைகளில் ஒன்று ஆர்ட்டிகிள் 21.

இப்போ என் வீட்டுக் கதை. அம்மா ஷூ கம்பெனியில வேலை பார்க்கிறாங்க. என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாமே தோல் போட்ட சோறு. அதே வீட்டுல குடிக்கிறது கேன் தண்ணி. கிணத்துத் தண்ணி பாத்திரம் கழுவ மட்டும். இதைப் பத்திப் பேசினா "கம்பெனியை மூடிட்டா உங்கம்மா எங்க போவாங்க?"ன்னு கேட்கிறாங்க. நியாயமான கேள்விதான். ஆனா தீர்ப்பு வேலையா தண்ணியான்னு கேட்கவே இல்லை. நாட்டுக்கு அந்நியச் செலாவணி தரும் தொழில்தான், அதுக்காக ஊரைக் கெடுக்க உரிமை இல்லை என்றுதான் சொன்னது. சுத்திகரிக்கும் செலவு கம்பெனி கணக்கில் வரணும். எங்கம்மா வேலையைக் காட்டி அந்தச் செலவைத் தப்பிக்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன்.

2025 ஜனவரியில் பாலாறு மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. இழப்பீடு கொடு, கண்காணிக்கக் குழு போடு என்று. 28 வருஷத்துக்கும் மேல கழிச்சு! தீர்ப்பு எழுதினது நீதிபதிகள். சுத்திகரிப்பு நிலையத்தை டிசைன் பண்றதும், மீட்டர் ரீடிங்ல கையெழுத்துப் போடுறதும் நம்மள மாதிரி இன்ஜினியர்தான். அந்தக் கையெழுத்து பொய்யா இருந்தா 21-வது பிரிவு எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ஜூனியர்ஸ், அந்தப் பேப்பர்ல ஆர்ட்டிகிள் 21 வரும்போது ஃபோனைக் கீழே வச்சுட்டு ஒரு கேள்வி கேளுங்க: "சார், வேலூர் கேஸ் சொல்லித் தருவீங்களா?"