தாத்தா படத்தை 3டி ஆக்கலாமா?

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் தாத்தாவும் பாட்டியும் நிற்கும் பழைய ஸ்டுடியோ படம் ஒன்று மாட்டியிருக்கிறது. பின்னால், படிக்கட்டும் தூண்களும் வரைந்த திரைச்சீலை. சென்ற மாதம் இதை ஸ்கேன் செய்து, சிவப்பு-சயான் கண்ணாடி போட்டுப் பார்க்கும் 3டி படமாக மாற்றினேன். பாட்டி முன்னால் வந்து நின்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் கவனித்தேன். சீலையில் வரைந்த படிக்கட்டு நிஜப் படிக்கட்டாகப் பத்தடி உள்ளே போயிருந்தது. தாத்தாவின் காதோரம் தூணின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் இப்படி? நம் கண்கள் இரண்டும் ஏறக்குறைய ஆறரை செ.மீ. இடைவெளியில் இருப்பதால் ஆளுக்கொரு காட்சியைப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838ல் சார்லஸ் வீட்ஸ்டன் இதை விளக்கினார். சிவப்பு-சயான் முறையில் இடது கண் காட்சி சிவப்பாகவும், வலது கண் காட்சி பச்சையும் நீலமும் கலந்த சயானாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப்படும். கண்ணாடி அவற்றைப் பிரித்துத் தரும். (சிவப்பு இடது கண்ணுக்கு. மாற்றிப் போட்டால் முன்னால் இருப்பது பின்னால் போய்விடும்!)

தாத்தா படம் ஒரே லென்ஸில் எடுத்தது. இரண்டாவது காட்சி அதில் கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்று இன்றைய ஏ.ஐ. சாப்ட்வேர் ஊகித்து, அந்தக் காட்சியைத் தானே தயாரிக்கிறது. மறைந்திருந்த இடங்களையும் கற்பனையாக நிரப்பிவிடுகிறது.

ஓவியங்களை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காலண்டர் முருகன் படத்தில் ஆழமே ஓவியரின் கற்பனைதானே, நாமும் கொஞ்சம் விளையாடலாம். குடும்பப் போட்டோவோ சாட்சி. அந்தப் படிக்கட்டு தாத்தா வீட்டில் இருந்தது என்று நாளை பேரப்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள்.

எனவே ஸ்கேன் செய்த ஒரிஜினலை டிஃப் பைலாகத் தனி ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அதில் கை வைக்காதீர்கள். காப்பி எடுத்து மாற்றி, பைல் பெயரிலேயே 'கம்ப்யூட்டரில் மாற்றியது' என்று எழுதுங்கள். பிஎன்ஜி ஆகச் சேவ் செய்திடுங்கள். ஜேபெக் நிறத் தகவலைச் சுருக்குவதால் ஓரங்களில் நிழல் தட்டும்.

நிஜமான ஆழத்துடன் பழைய படங்கள் பார்க்க ஆசையா? இரண்டு லென்ஸ் கேமராவில் எடுத்த ஸ்டீரியோ அட்டைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட் நிறுவனம் 1907ல், ஜேம்ஸ் ரிக்கால்டன் எழுதிய நூலுடன் இந்தியக் காட்சிகளை இப்படி வெளியிட்டது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஸ்டீரியோ அட்டைகள் நிறையக் கிடைக்கும். ஸ்டீரியோபோட்டோ மேக்கர் என்னும் இலவச புரோகிராமில் திறந்தால், சில க்ளிக்குகளில் சிவப்பு-சயான் படம் தயார்.

போன ஞாயிறு அம்மாவை மொட்டை மாடியில் அசையாமல் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். கேமராவை ஆறரை செ.மீ. வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று. இரண்டையும் சேர்த்தேன். அம்மா, அம்மாவாகவே இருக்கிறார். கடற்காற்றில் ஆடிய கொடித்துணி மட்டும் இரட்டையாகத் தெரிகிறது.