பயறும் கடலையும் வயிற்றோடு பகைப்பதேன்?

வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் குடும்பங்களின் உணவுமுறையும் மாறிவிடுகின்றது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் வள்ளங்கள் கரையிலே கிடக்கும். சந்தையில் மீனின் விலை ஏறும். அப்பருவத்திலேதான் கந்தசட்டி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை என விரதங்களும் அடுத்தடுத்து வருகின்றன. மீன் இல்லாத இந்நாட்களில் உடம்புக்கு வேண்டிய புரதத்தை எங்கிருந்து பெறுவது? பயறு, கடலை, கௌப்பி, உளுந்து, பருப்பு ஆகியவற்றிலிருந்தே பெறுதல் வேண்டும். இவற்றின் நிறையில் 100க்கு 20 முதல் 25 பங்கு வரை புரதமாகும். அரிசியில் குறைந்த இலைசீன் என்னும் கூறு பயற்றினங்களில் மிகுதி. அவற்றிற் குறைந்த மெதியோனீன் அரிசியில் உண்டு. எனவே சோறும் பருப்பும், பிட்டும் பயறும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் நல்ல சேர்க்கைகளாம்.

ஆயினும் பல வீடுகளில், "அப்பப்பாவுக்குக் கடலை வைக்காதே, வாயு" என்றும், "சின்னப்பிள்ளைக்குக் கௌப்பி ஆகாது" என்றும் கூறி, புரதம் மிகவும் வேண்டப்படுகின்ற முதியோருக்கும் சிறுவருக்குமே இவ்வுணவை மறுத்துவிடுகின்றோம். முதுமையில் உணவு குறையத் தசையும் குறைகின்றது. அந்நிலையில் மலிவான புரதமும் விலக்கப்படுமாயின் நலிவு விரைந்து வரும். பெரும்பாலும் குற்றம் கடலையில் இல்லை. அதனைச் சமைக்கும் முறையிலும் உண்ணும் அளவிலுமே உள்ளது.

வாயு எவ்வாறு உண்டாகின்றது என்பதை முதலில் அறிவோம். பயற்றினங்களில் ரபினோசு, ஸ்டாக்கியோசு முதலிய சர்க்கரைகள் உள்ளன. இவற்றை உடைக்கும் நொதியம் மனிதரின் சிறுகுடலில் இல்லை. ஆகவே அவை உடையாமலே பெருங்குடலை அடைகின்றன. ஆங்குள்ள பற்றீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்யும்போது ஐதரசன், காபனீரொட்சைட்டு, சிலரிடத்து மெதேன் ஆகிய வாயுக்கள் தோன்றுகின்றன. வயிற்றுப் பொருமலின் காரணம் இதுவே.

இச்சர்க்கரைகள் நீரிற் கரைவன. இவ்வொரு குணத்தை நினைவிற் கொண்டால் பரிகாரம் தானே விளங்கும். கடலையையும் கௌப்பியையும் 8 முதல் 12 மணி நேரம் ஊறவிடுக. தானியத்தைப் போல் மும்மடங்கு நீர் வேண்டும். இடையில் ஒரு முறை நீரை மாற்றுதல் நன்று. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, கழுவிப் புதுநீரில் அவித்தல் வேண்டும். "சத்தெல்லாம் போய்விடுமே" என்று அந்நீரிலேயே அவிப்பவர் உளர். சிறிதளவு சத்துப் போவது மெய்யே. ஆனால் புரதத்தின் பெரும்பகுதி விதையிலேயே நின்றுவிடும். அவசரமாயின், கொதிநீரில் மூன்று நிமிடம் அவித்து இறக்கி, ஒரு மணி நேரம் மூடிவைத்து, அந்நீரை வடித்துவிட்டுப் பின்னர் சமைக்கலாம்.

முளைக்கவைத்தல் இதனினும் சிறந்தது. விதை முளைவிடும்போது, தன்னகத்துள்ள நொதியங்களைக் கொண்டு இச்சர்க்கரைகளைத் தானே செலவிட்டு வளர்கின்றது. ஊறிய பயற்றை ஈரத்துணியிற் கட்டி ஒரு நாள் வைத்தாற் போதும். நமது வெப்பத்தில் அது விரைவில் புளித்துவிடுமாதலால், இரண்டு மூன்று முறை கழுவுதல் அவசியம். முளைத்த பயற்றை அவித்தே உண்ணுக.

அடுத்து, வேகாத கடலையின் தொல்லை. கடலோரக் கிணறுகள் சிலவற்றின் நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மகனீசியமும் விதையின் பெக்ரினோடு சேர்ந்து அதனை இறுகச் செய்கின்றன. மழைநீரோ வேறு மென்னீரோ கிடைப்பின் அதிலே அவிக்க. புளி, தக்காளி, தேசிக்காய் ஆகிய புளிப்புப் பொருள்களை விதை நன்கு மெத்தென்றான பின்னரே சேர்த்தல் வேண்டும். முன்னரே சேர்ப்பின் எத்தனை விறகு எரித்தாலும் கடலை கடினமாகவே நிற்கும். வெப்பமும் ஈரலிப்பும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த விதையும் எளிதில் வேகாது. ஆதலால் சிறுகச் சிறுக வாங்கிக் காற்றுப்புகாத போத்தலில் வைத்தல் சிக்கனம். அப்பச்சோடா இட்டால் விரைவில் வேகும். ஆயின் உயிர்ச்சத்து பி1 அழியும்.

பெருங்காயம், இஞ்சி, சீரகம், உள்ளி ஆகியவற்றை நம் பெண்மணிகள் வழிவழியாகச் சேர்த்து வருகின்றனர். இவை மணமும் பசியும் தருவன. ஆயினும் அவை மேற்கூறிய சர்க்கரைகளை நீக்கமாட்டா. உள்ளியே சிலருக்கு வாயுவை உண்டாக்குவதும் உண்டு. தாளிதம் ஊறவைத்தலுக்கு ஈடாகாது.

ஓர் எச்சரிக்கை. கடைகளில் ராஜ்மா எனப்படும் செந்நிறப் பெரிய விதையில் லெக்ரின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தில், விடுமுறைக்குச் சென்ற ஒன்பது மாணவர் ஊறவைத்த இவ்விதையை அவியாமல் உண்டு வாந்தியால் வருந்தினர். மந்தமான சூட்டில் வேகவைப்பதும் ஆபத்தே. ஊறிய நீரைக் கொட்டி, நன்கு கொதிக்கும் நீரிலே 30 நிமிடம் அவித்தல் வேண்டும்.

கௌப்பிக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1970க்குப் பின்னர் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மைசூர்ப் பருப்பு அருமையானபோது, கௌப்பியும் பயறும் நம் அடுக்களைகளில் முன்னின்றன. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் நின்றன. எரிவாயுவுக்கும் வரிசை நீண்டது. அன்று இரவே ஊறவைத்த வீட்டார் எரிபொருளையும் மிச்சப்படுத்தினர். இன்னொரு செய்தியும் கௌப்பிக்குச் சாதகமாக உள்ளது. 2011இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நாடோறும் கௌப்பி இனத்தை உண்டவருள் முதல் வாரத்தில் வாயு மிகுந்தது என்றோர் 100க்கு 19 பேரே. வேறு விதைகளை உண்டு முதலில் வருந்தியவருள்ளும் பலருக்கு வாரங்கள் செல்லச் செல்ல அது தணிந்தது. குடல் பழகிக்கொள்ளும் என்பதே இதன் கருத்து.

ஆகவே வாயுவுக்கு அஞ்சுவோர் முதலில் கோதுநீக்கிய பாசிப்பருப்பும் மைசூர்ப் பருப்பும் உண்க. பின்னர் அவித்து மசித்த கௌப்பி இரண்டு மேசைக்கரண்டி. சில நாட் கழித்துச் சிறிது கூட. நன்கு மென்று உண்ணல் வேண்டும். இத்தனை செய்தும் வலி நீடித்தாலோ, உடல் மெலிந்தாலோ, வைத்தியரை நாடுக. அதனை வாயு என்று ஒதுக்கிவிடலாகாது.

மாணவர்களே! இன்றிரவு ஒரு கைப்பிடி கடலையை நிறுத்து ஊறவிடுங்கள். காலையில் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். நிறை ஏறக்குறைய இரு மடங்காயிருக்கக் காண்பீர்கள். பின்னர் அந்நீரைக் கொட்டிவிட்டு, கடலையை அம்மாவிடம் கொடுங்கள். அதில் ஒரு பங்கு அப்பப்பாவின் தட்டுக்கும் போகட்டும்.