ஜீவாணுவின் தினக்குறிப்பு

ஸ்விட்ஜர்லாந்து தேசத்து விஞ்ஞானிகள் சில ஆண்டுகளுக்கு முன் சாதித்துள்ள ஒரு காரியத்தை நம் வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியம். ஜீவாணு தன்னுள் நடப்பதைத் தானே எழுதி வைக்கும்படி அவர்கள் செய்திருக்கிறார்கள். எழுதும் ஏடு, அதனுள் இருக்கும் டி.என்.ஏ.

ஒரு ஜீன் வேலை செய்யும்போது ஆர்.என்.ஏ. என்னும் பிரதி உண்டாகிறது. பாக்டீரியாவில் அப்பிரதி பெரும்பாலும் சில நிமிஷங்களில் அழிந்துபோகும். எந்த ஜீன் வேலை செய்தது என்றறிய இதுவரை பெரும்பாலும் ஜீவாணுவை உடைத்தே பார்க்க வேண்டியிருந்தது. உடைத்த கணத்தின் செய்தி கிடைக்கும். அதற்கு முந்திய செய்தி கிடைக்காது.

பல பாக்டீரியாக்களுக்கு இயற்கை ஒரு ஞாபகசக்தியை அளித்திருக்கிறது. தம்மைத் தாக்கும் வைரஸின் துண்டொன்றைத் தம் டி.என்.ஏ.வில் பதித்துக்கொண்டு, அப்பகைவன் மறுபடி வந்தால் அடையாளம் காண்கின்றன. கிரிஸ்பர் என்பது இதுவே. சிலவற்றில் ஆர்.என்.ஏ.வையும் டி.என்.ஏ.வாக மாற்றிப் பதிக்கும் புரதங்கள் உண்டு. ஜூரிச் ஈ.டி.எச். கலாசாலையைச் சேர்ந்த ராண்டல் பிளாட் குழுவினர் அப்புரதங்களை ஈ.கோலை பாக்டீரியாவில் அமைத்து, அதன் ஜீன்களின் நடவடிக்கை டி.என்.ஏ.வில் பதிவாவதை 2018-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டனர். பதிவு அபூர்வமாகவே நிகழ்வதால் ஏராளமான பாக்டீரியாக்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பெர்ன் சர்வகலாசாலையாருடன் கூடி இப்பாக்டீரியாக்களைச் சுண்டெலிகளின் குடலில் செலுத்திய சோதனையின் முடிவு 2022-ல் வெளிவந்தது. எலியைக் கொல்லாமல், அதன் மலத்தைப் பரிசோதித்தே உணவின் வேற்றுமையையும் குடல் அழற்சியையும் கண்டறிந்தனர்.

மனிதருக்கும் இது கைகூடுமாயின், குழாயை உட்செலுத்திப் பார்க்கும் துன்பமின்றி நோயாளியின் குடலை வைத்தியர் அறியலாம். அதை நாம் மனமார வரவேற்போம். ஆனால் உண்டதையும் உற்ற நோயையும் காட்டும் ஏட்டை வைத்தியர் மட்டுந்தான் படிப்பாரா? இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்டால்? வேலை கொடுக்கும் முதலாளி கேட்டால்? சர்க்காரே கேட்டால்?

விஞ்ஞானத்துக்குத் தேச எல்லை கிடையாது. இன்று ஐரோப்பாவில் நடப்பது நாளை நம் ஆஸ்பத்திரிக்கு வரும். நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமோ, வைத்திய விவரங்களுக்கும் ஜீன் விவரங்களுக்கும் தனிக் காவல் எதையும் ஏற்படுத்தவில்லை. தேசப் பாதுகாப்பு, பொது அமைதி முதலிய காரணங்களைச் சொல்லி, சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மத்திய சர்க்கார் விலக்களிக்கவும் அதில் இடமுண்டு. காவலுக்கென்று வைத்த கதவில் காவற்காரனுக்கே தனி வாசல் விட்டது போலிருக்கிறது இது.

அந்நிய ஆட்சியில் தெருமுனையில் நின்று குறிப்பெடுத்த சி.ஐ.டி.க்களை நம் தேசபக்தர்கள் நன்கறிவார்கள். வீட்டுக் கதவைச் சாத்தினால் அவர்கள் பார்வைக்குத் தப்பலாம். உடலே குறிப்பெடுக்கும் காலத்தில் எந்தக் கதவைச் சாத்துவது?

ஆராய்ச்சியைத் தடுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. எவருடைய உடலில் குறிப்பு எழுதப்படுகிறதோ, அக்குறிப்பு அவருக்கே உரியது; அவர் சம்மதமின்றி அதைப் படிப்பவர் யாராயினும், சர்க்கார் உத்தியோகஸ்தரேயாயினும், குற்றவாளியாவர். இதைப் பார்லிமெண்டு ஐயத்துக்கிடமின்றிச் சட்டமாக்க வேண்டும். சோதனை எலியோடு நிற்கும் இக்காலமே அதற்கு உகந்த காலம். இதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு பொதுஜனங்களுடையது.